உங்கள் பெயர், துணையின் பெயர்

பெண்ணிய விமர்சனம் என்றால் ஒரு நாவலையோ சினிமாவையோ எடுத்துக்கொண்டு, அதில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பதுதான் நம் வழக்கம். நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது இரண்டே பக்கமுள்ள ஒரு தாள். அமெரிக்க வருமான வரித் துறையின் 1040 என்ற படிவம். இதில் பன்னிரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதின்மூன்றாவது முறைதான் வாசித்தேன்.

இது அலுப்பான விஷயம், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். எண்களைக் கண்டு பயப்பட வேண்டிய ஆள் இல்லை. ஆனாலும் வீட்டு வரிக் கணக்கு என்று வந்ததும், அது அவர் வேலை என்று ஒதுங்கிக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இந்த ஒதுங்கலைப் பற்றியும் அதைச் சௌகரியமாக்கிக் கொடுக்கும் சட்டத்தைப் பற்றியும் எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி

படிவம் வருமானத்தைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்கிறது: உன் தாக்கல் நிலை என்ன? ஐந்து கட்டங்கள். தனியாள். மணமாகி, கூட்டாகத் தாக்கல் செய்பவர். மணமாகி, தனியே தாக்கல் செய்பவர். குடும்பத் தலைவர். துணையை இழந்தவர். எவ்வளவு சம்பாதித்தாய் என்பதற்கு முன்னால் யாரோடு இருக்கிறாய் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐந்து கட்டங்களும் திருமணத்தை நடுவில் வைத்துத்தான் வரையப்பட்டிருக்கின்றன. அதற்குள் இருப்பவர், வெளியே இருப்பவர், உள்ளேயிருந்து வெளியே வந்தவர்.

இந்தக் கேள்விக்கு விடை ஒரே நாளைப் பொறுத்தது, டிசம்பர் 31. அன்று சட்டப்படி மணமானவராக இருந்தால், வரிச் சட்டத்தின் கண்ணில் ஆண்டு முழுவதும் மணமானவர். எனக்குத் திருமணம் நடந்தது 2012 டிசம்பர் முதல் வாரத்தில். ஜனவரியில் எச்-4 விசாவில் டாலஸ் வந்து இறங்கினேன். ஏப்ரலில் என் கணவர் சில தாள்களை நீட்டினார். ஒன்று எனக்கு வரி அடையாள எண் வாங்குவதற்கு. வேலை செய்ய அனுமதி இல்லாததால் எனக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. அதற்குப் பதிலாக, 9இல் தொடங்கும் ஐடின் என்ற எண். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்த மனைவியையும் அந்த ஆண்டுக்கு அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதும்படி இருவரும் கேட்டுக்கொள்ளும் வாக்குமூலம். அப்படிக் கேட்டுக்கொண்டால்தான் கூட்டாகத் தாக்கல் செய்ய முடியும், வரி குறையும்.

அந்த வாக்குமூலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பது பின்னாளில்தான் தெரிந்தது. கணவன், மனைவி இருவரும் உலகின் எந்த மூலையில் சம்பாதித்த பணத்தையும் முழு ஆண்டுக்கும் காட்ட வேண்டும். அதாவது 2012 ஜனவரியிலிருந்து நான் நெல்லையில் வாங்கிய சம்பளம் டாலரில் மாற்றப்பட்டு அவர் வருமானத்தோடு சேர்ந்தது. அந்த ஜனவரியில் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தது ஆடி கழிந்த பிறகு. டிசம்பரில் கட்டிய தாலி பின்னோக்கிப் போய் என் பொங்கல் மாதச் சம்பளத்தையும் இழுத்து முடிந்துகொண்டது.

இன்னொரு முரண்பாடு. விசாவில் நான் ‘சார்ந்திருப்பவள்’. ஆனால் வரிச் சட்டத்தில் மனைவி ஒருபோதும் சார்ந்திருப்பவர் ஆக மாட்டார். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வருவார்கள், வயதான பெற்றோரும் வரலாம், மனைவி வர மாட்டாள். கூட்டுத் தாக்கலில் அவள் சம பொறுப்புள்ள வரி செலுத்துநர். சம்பாதிக்க அனுமதி கேட்டால், நீ சார்ந்திருப்பவள். வரிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், நீயும்தான். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் தாள்கள்.

இந்தக் கட்டம் எப்படி வந்தது

அமெரிக்காவில் 1913இல் இன்றைய வருமான வரி தொடங்கியபோது அது தனிநபர் வரிதான். சம்பாதித்தவர் கட்ட வேண்டும். வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் என்பதால், ஒருவருடைய பெரிய வருமானத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினால் வரி குறையும். கலிபோர்னியாவில் எர்ல் என்ற வழக்கறிஞர், தன் சம்பாத்தியம் எல்லாம் தனக்கும் மனைவிக்கும் பொது என்று 1901லேயே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார். அது செல்லாது, சம்பாதித்தவர்தான் முழு வரியும் கட்ட வேண்டும் என்று 1930இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சீபோர்ன் என்பவர் வழக்கு வந்தது. அவர் வாஷிங்டன் மாநிலத்துக்காரர். கணவனின் சம்பாத்தியத்தில் பாதி மனைவியுடையது என்பது அந்த மாநிலச் சட்டம். எனவே ஆளுக்குப் பாதியாகக் காட்டலாம் என்று தீர்ப்பானது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மனைவிக்குச் சொத்தில் பாதி என்ற பேச்சையே அதுவரை எடுக்காத மாநிலங்கள், 1940களில் அவசர அவசரமாக அந்தச் சட்டத்துக்கு மாறத் தொடங்கின. ஓக்லஹாமா, மிச்சிகன், பென்சில்வேனியா என்று வரிசை நீண்டது. பெண்ணுரிமையில் திடீர் அக்கறை வந்துவிடவில்லை, கணவனுக்கு வரி மிச்சமாகும் என்பதுதான் காரணம். 1948இல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் கூட்டுத் தாக்கலைக் கொண்டுவந்தது. யார் சம்பாதித்தாலும் இருவரும் பாதிப் பாதி சம்பாதித்ததாகக் கருதி வரி. மனைவிக்குச் சொத்தில் பாதி கொடுக்காமலேயே, கொடுத்ததுபோலக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். புதிய சட்டம் வந்ததும் பல மாநிலங்கள் பழைய சட்டத்துக்கே திரும்பிவிட்டன. வந்த பாதி வந்த வழியே போயிற்று.

அந்தச் சட்டத்தைப் பற்றி அதே ஆண்டு எழுதிய வரி அறிஞர் ஸ்டான்லி சர்ரே, வரிக்காகக் கணவனின் தொழிலில் பெயரளவில் பங்குதாரராக்கப்பட்டிருந்த மனைவிகள் இனி வீட்டைக் கவனிக்கத் திரும்பிவிடலாம் என்ற பொருளில் குறிப்பிட்டார். போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. வரிச் சட்டமும் அதே திசையில் கை காட்டியது. 1969இல், தனியாட்கள் மிக அதிகம் கட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு விகிதத்தைக் குறைத்தார்கள். அதன் விளைவாக, ஏறக்குறைய சமமாகச் சம்பாதிக்கும் இருவர் மணம் செய்தால் வரி கூடும் என்ற நிலை வந்தது. இதைத்தான் ‘திருமணத் தண்டம்’ என்கிறார்கள். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் கிடைப்பது ‘திருமணப் பரிசு’.

1970களின் தொடக்கத்திலேயே கிரேஸ் பிளம்பர்க் என்ற சட்ட அறிஞர் இதில் உள்ள பால்பாகுபாட்டை எழுதிவிட்டார். 1997இல் எட்வர்ட் மெக்காஃபெரி ‘டாக்ஸிங் விமன்’ என்று புத்தகமே போட்டார். 2021இல் டோரதி பிரவுன், பிளம்பரான தன் அப்பாவும் நர்ஸான தன் அம்மாவும் கட்டிய வரியிலிருந்து தொடங்கி, ஏறக்குறைய சமமாகச் சம்பாதிக்கும் கறுப்பினத் தம்பதியர் தண்டம் கட்ட, ஒற்றைச் சம்பளத்தில் வாழ வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் பரிசு வாங்குவதைக் காட்டினார். எந்தக் குடும்பத்தை இலட்சியக் குடும்பம் என்று அரசு மனதில் வைத்திருக்கிறது என்பது இந்தப் பரிசுப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் சம்பளம், என் கணக்கு

இனி என் வீட்டுக்கு வருகிறேன். 2015இல் சட்டம் மாறி, எச்-4இல் உள்ள ஒரு பகுதிப் பெண்களுக்கு வேலை அனுமதி கிடைத்தது. எனக்கும் அடுத்த ஆண்டு கிடைத்தது. அப்போது வயிற்றில் முதல் பிள்ளை. 2024இல் இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, ஒரு தனியார் பயிற்சி மையத்தில் கணக்கு ஆசிரியர் வேலை வந்தது. ஆண்டுக்கு 40,000 டாலர். கணவரின் சம்பளம் 1,20,000. அவர் லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டார். “உனக்குக் கையில நிக்கிறது மாசம் ஆயிரம் டாலர். இதுக்காகவா காலையில ஏழு மணிக்கு ஓடணும்?” என்றார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். கணக்கும் தப்பில்லை.

அந்தக் கணக்கை நான் திரும்பப் போட்டேன். பிள்ளைகளுக்கான சலுகை எப்படியும் ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. எனவே மத்திய அரசின் வரி மட்டும்.

2024இல் கூட்டுத் தாக்கலுக்கு நிலையான கழிவு 29,200 டாலர். நான் வீட்டில் இருந்தால், அவருடைய 1,20,000க்கு வரி 10,432. அவர் மணமாகாதவராக இருந்தால் அதே சம்பளத்துக்கு 18,338. ஆக, நான் வீட்டில் இருப்பதற்காக அரசு எங்கள் வீட்டுக்கு விட்டுக்கொடுப்பது ஏறத்தாழ 7,900 டாலர். அது அவருடைய சம்பளத்தில் பிடித்தம் குறைவாக வந்து சேரும். சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் எனக்குக் கிடைத்த கூலி என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

நான் வேலைக்குப் போனால், மொத்தம் 1,60,000க்கு வரி 18,882. கூடுதல் 8,450. மணமாகாத ஒருத்தி 40,000 சம்பாதித்தால் கட்டும் வரி 2,816தான். என் கழிவும் என் கீழ்ப்படிகளும் ஏற்கெனவே அவர் சம்பளத்துக்குச் செலவாகிவிட்டதால், என் சம்பளத்தின் பெரும்பகுதி நேராக 22 சதவீதப் படியில் போய் உட்காருகிறது. அதற்கு மேல் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் 3,060. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு மாதம் 1,400 வீதம் ஆண்டுக்கு 16,800. அதற்குக் கிடைக்கும் சலுகை 600. எல்லாம் போக மிச்சம் 12,290. மாதம் ஆயிரம் டாலர்.

தம்பதியாக எங்களுக்கு நட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணமாகாத இருவராக நாங்கள் கட்டக்கூடியதைவிட அப்போதும் சுமார் 2,270 டாலர் குறைவுதான். ஆனால் 7,900 ஆக இருந்த பரிசு 2,270 ஆனது நான் வாசற்படி தாண்டியதால். அந்த இழப்பு என் சம்பளத்தின் தலையில் எழுதப்பட்டது.

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தேன். என் சம்பளத்தை முதலில் வைத்தேன். 40,000இல் கழிவு போனால் 10,800. அதற்கு வரி 1,080. அதன் மேல் அவர் சம்பளத்தை ஏற்றினால், அவர் தலையில் 17,802. மொத்தம் அதே 18,882தான். பிள்ளையைப் பார்க்கும் செலவையும் அவர் சம்பளத்திலிருந்து கழித்தேன். உலகத்தில் எந்த வீட்டிலாவது இப்படிக் கழித்துப் பார்த்து, “இதுக்காகவா ஓடணும்?” என்று புருஷனிடம் கேட்டிருக்கிறார்களா?

முதல் சம்பளம், இரண்டாவது சம்பளம் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. சட்டம் இரண்டையும் கூட்டி ஒரே வரியைத்தான் கேட்கிறது. எது அஸ்திவாரம், எது மேல்மாடி என்பதை முடிவு செய்வது வீடு. பிள்ளை காப்பகத்தின் கட்டணம் தாயின் சம்பளத்திலிருந்துதான் கழிய வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சட்டம் ஏணியைச் செங்குத்தாக நிறுத்துகிறது, வீடு பெண்ணை அதன் மேல்படியில் நிற்க வைத்து, இங்கே நிற்பது ஆபத்து, இறங்கிவிடு என்கிறது. மெக்காஃபெரியின் வாதத்தின் மையமும் இதுதான். கூடுதல் வேடிக்கை, டெக்சாஸ் சட்டப்படி மணவாழ்க்கையில் அவர் சம்பாதிப்பதில் பாதி என்னுடையது. இருந்தும் கையெழுத்துக்குப் பக்கத்தில் தொழில் என்று கேட்கும் கட்டத்தில் என் பெயருக்கு நேராகப் பன்னிரண்டு ஆண்டுகள் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது. அரசி என்றுதான் பெயர், கஜானா சாவி எங்கே இருந்தது என்பதும் தெரியாது.

ஐந்து இலக்கங்கள்

இது வெறும் பணக் கணக்கோடு நிற்பதில்லை. கூட்டாகத் தாக்கல் செய்த வரிக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாதி வரிக்குப் பாதிப் பொறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது, முழு வரிக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. விவாகரத்தான பிறகும் அந்த ஆண்டுகளின் பொறுப்பு தொடரும். கணவனே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது வரித் துறையைக் கட்டுப்படுத்தாது.

என் தோழி ஒருத்தி. கணவன் வேலையோடு சேர்த்து ஒரு தொழிலும் நடத்தினான். அதில் வந்த வரவை முழுதாகக் காட்டவில்லை. அடி தாங்காமல் பிள்ளையோடு வெளியேறி, வேலை தேடி, நிமிர்ந்து நின்றபோது அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. பாக்கி வரி, வட்டி, அபராதம். “நான் கையெழுத்தே போடலையே” என்றாள். போட்டிருந்தாள். மின்வழித் தாக்கலில் கையெழுத்து என்பது ஐந்து இலக்க எண். அவனுக்கு ஓர் எண், அவளுக்கு ஓர் எண். இரண்டையும் அவன்தான் தட்டியிருந்தான். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது என்பதை அன்று இரவுதான் யோசித்தேன். என் கணவர் நேர்மையானவர். ஆனால் என் பாதுகாப்பு முழுவதும் அந்த நேர்மையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நிவாரணம் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். துணை செய்த தவறு தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை என்று காட்டி 8857 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். 1998இல் இந்த வழி விரிவாக்கப்பட்டது. வன்முறைக்கும் மிரட்டலுக்கும் உட்பட்டவள் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து கூட்டுத் தாக்கலே ஆகாது. ஆனால் இங்கே எதை நிரூபிக்க வேண்டும் என்று கவனியுங்கள். வீட்டுப் பண விஷயம் எதுவும் தெரியாதவள் என்பதை. அறியாமைதான் அவளுக்குக் கவசம். படித்து, கேள்வி கேட்டு, ஓரளவு தெரிந்து வைத்திருந்த பெண்ணுக்குக் கதவு குறுகிவிடுகிறது.

தனித் தாக்கல் செய்தால் இந்தப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கலாம். ஆனால் கல்விச் சலுகை போய்விடும், பிள்ளை பராமரிப்புச் சலுகை பெரும்பாலும் போய்விடும். கூட்டாகத் தாக்கல் செய்தவர்கள், கெடு முடிந்த பிறகு அந்த ஆண்டுக்குத் தனித் தாக்கலுக்கு மாற முடியாது. தனியாகச் செய்தவர்கள் மூன்று ஆண்டுக்குள் கூட்டுக்கு மாறலாம். உள்ளே போகும் கதவு திறந்தே இருக்கிறது. பிரிந்து வாழும் தாய்க்கு ஒரு ஜன்னல் உண்டு. ஆண்டின் கடைசி ஆறு மாதம் கணவன் அந்த வீட்டில் இல்லாமல், பிள்ளை அவளோடு வாழ்ந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவள் ஏற்றிருந்தால், விவாகரத்து ஆகாமலேயே ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தை அவள் தேர்ந்தெடுக்கலாம். என் தோழிக்கு இது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயிற்று.

வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும்

இதே கட்டத்துக்குள் நுழையப் போராடியவர்களும் உண்டு. ஈடித் விண்ட்சரும் தியா ஸ்பையரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, 2007இல் கனடாவில் மணம் செய்துகொண்டார்கள். 2009இல் தியா இறந்தபோது, மத்திய அரசின் கண்ணில் ஈடித் அவருடைய மனைவி இல்லை. 3,63,053 டாலர் சொத்து வரி கேட்டார்கள். 2013இல் அவர் வென்ற வழக்குக்குப் பிறகுதான் ஒருபால் தம்பதியருக்கு வருமான வரியிலும் கூட்டுத் தாக்கல் கிடைத்தது. அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசு ஒரு கதவுக்குப் பின்னால் சலுகைகளைக் குவித்து வைத்திருக்கும்போது, அந்தக் கதவைத் தட்டுகிறவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை. கேள்வி கேட்க வேண்டியது அங்கே ஏன் குவித்து வைத்தார்கள் என்றுதான். சேர்ந்து வாழும் இரு தோழிகளுக்கு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, இந்தக் கூட்டு கிடையாது.

வேறு வழி இல்லாமல் இல்லை. சுவீடன் 1971இல் தனிநபர் வரிக்கு மாறியது. மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகக் கருதி வந்த பிரிட்டன் 1990இல் அதைக் கைவிட்டது. இந்தியாவில் நாம் தனித்தனியாகத்தான் வரி கட்டுகிறோம். நம் சட்டம் ஒன்றும் சொக்கத் தங்கம் இல்லை. கணவன் கொடுத்த பணத்திலிருந்து மனைவிக்கு வரும் வருமானம் அவன் கணக்கில்தான் சேரும். பான் அட்டைக்கு எத்தனை வயதான பெண்ணிடமும் அப்பா பெயரைத்தான் கேட்டார்கள். தனித்து வளர்த்த தாயின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும் என்பது 2018 டிசம்பரில்தான் வந்தது. ஆனாலும் உழைத்து வாங்கும் சம்பளம் அவளுடையது, அதன் முதல் ரூபாய் முதல் படியிலிருந்து தொடங்குகிறது.

இப்போது அங்கேயும் கூட்டுத் தாக்கல் வேண்டும் என்ற குரல் கேட்கிறது. 2025 பட்ஜெட்டுக்கு முன் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், விரும்பும் தம்பதியர் கூட்டாகத் தாக்கல் செய்ய வழி வேண்டும் என்று யோசனை சொன்னது. ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு நிம்மதி என்பார்கள். விருப்பம்தானே, கட்டாயம் இல்லையே என்பார்கள். நான் கையெழுத்திட்டதும் விருப்பத்தின் பேரில்தான். யாருடைய விருப்பம் என்று படிவம் கேட்கவில்லை. ஒற்றைச் சம்பளம் யாருடையதாக இருக்கும், வீட்டில் இருப்பவர் யாராக இருப்பார், லாபம் எந்த வங்கிக் கணக்கில் விழும் என்று நம் ஊர்ப் பெண்கள் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அரசு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவள் பெயரில், அவள் கையில் கொடுக்கட்டும்.

அந்த வேலையில் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் டாலருக்காகத்தான். அதோடு ஓய்வூதியத்துக்கான நாற்பது கணக்குப் புள்ளிகளில் ஆண்டுக்கு நான்கு சேரும் என்பதற்காகவும். பன்னிரண்டு ஆண்டுகளில் என் பெயரில் சேர்ந்திருந்தது பூஜ்யம் என்பது அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. கணவரின் லேப்டாப் கணக்கில் இந்த வரிசையே இல்லை.

2025 ஏப்ரலில் படிவத்தை இருவரும் மேஜையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. சின்னவள் மடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மேலே அவர் பெயர்தான், துணை என்ற இடத்தில் நான்தான். அடுத்த ஆண்டு மாற்றிப் போடலாம் என்று பேசியிருக்கிறோம், பார்க்கலாம். தொழில் என்ற கட்டத்தில் ஆசிரியர் என்று போட்டேன். கடைசியில் ஐந்து இலக்கங்கள் கேட்டது. “உன் நம்பர் எனக்குத் தெரியும், நானே போட்டுடவா?” என்று பழக்கத்தில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதிதாக ஓர் எண் யோசித்து நானே போட்டேன்.